லேப்டாப்பையும் போனையும் பூட்டும் முன் சாவிக்கு ஒரு இடம் பாருங்கள்

மதர்போர்டு மாற்றி வாங்கிவந்த லேப்டாப்பை இரவு பத்து மணிக்கு ஆன் செய்தேன். விண்டோஸ் வரவில்லை. நீலத் திரை ஒன்று 48 இலக்க எண்ணைக் கேட்டபடி நின்றது. சர்வீஸ் கடைக்காரருக்குப் போன் செய்தால், "அது உங்க பிட்லாக்கர் கீ சார், எங்ககிட்ட எப்படி இருக்கும்?" என்றார். நியாயமான பதில்தான். பிட்லாக்கர் என்பது விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பூட்டு. ஆனால் நான் எதையும் பூட்டியதாக எனக்கு நினைவே இல்லை. லேப்டாப் வாங்கிய அன்று மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது, அது தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிட்டு, சாவியின் நகலை அந்தக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறது. கணக்கோ நான் நான்கு வருடமாகத் திறக்காத பழைய மின்னஞ்சலில் இருந்தது. அதற்குள் நுழைய வழி பண்ணி, சாவியைக் கண்டுபிடித்து, 48 எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

கிடைத்ததால் இன்று இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. கிடைக்காவிட்டால், அந்த டிஸ்க்கில் இருந்த ஆறு வருடப் புகைப்படங்களை மைக்ரோசாஃப்ட் உட்பட யாராலும் எடுத்துத் தந்திருக்க முடியாது. சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலைக் கலைத்து வைப்பதற்கு என்க்ரிப்ஷன், தமிழில் குறியாக்கம் என்று பெயர். அது உரியவர் யார் திருடன் யார் என்று பார்ப்பதில்லை. சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க, எதைப் பூட்டச் சொன்னாலும், அதன் சாவியை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

பாஸ்வேர்டுதான் இருக்கிறதே, போதாதா?

விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி. வாசல் வழியாக வருகிறவரைத்தான் அவர் நிறுத்துவார். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் டிஸ்க்கை உருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேபிளில் செருகி வேறொரு கம்ப்யூட்டரில் போட்டால், அந்தக் காவல்காரர் இருந்த இடமே தெரியாது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். கெட்டுப்போன லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிற கடைக்காரர்கள் தினமும் செய்வது இதுதான். திருடனும் அதையே செய்யலாம்.

2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டில் திருட்டு நடந்தது. போனவை ஒரு லேப்டாப்பும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும். அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் குறியாக்கம் இல்லாமல் கிடந்தன. கருவிகள் பிறகு கிடைத்துவிட்டன. ஆனாலும் வழக்கு நடந்து, 2 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடிக்க வேண்டியதாயிற்று. அந்த டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், ஒரு பழைய லேப்டாப் திருடு போன செய்தியோடு விஷயம் முடிந்திருக்கும்.

உள்ளே நடப்பது

கணக்குப் புலியாக வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். டிஸ்க்கைப் பூட்டுகிற சாவி உங்கள் பாஸ்வேர்டு கிடையாது.

பூட்டுகிற சாவியை மென்பொருளே உருவாக்குகிறது. 128 அல்லது 256 பிட் நீளமுள்ள, எந்த ஒழுங்கும் இல்லாத எண் அது. டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு துணுக்கும் அந்த எண்ணைக் கொண்டு கலைக்கப்பட்டுத்தான் எழுதப்படும். படிக்கும்போது அதே எண்ணால் மீண்டும் சரியாகும். இந்த எண்ணை அப்படியே டிஸ்க்கில் விட்டுவைக்க முடியுமா? அதனால் அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டுகிறார்கள். நம் வீடுகளில் பீரோவைப் பூட்டி, சாவியை அஞ்சறைப்பெட்டியில் போட்டு, அதை அம்மா தன் கண்பார்வையில் வைத்திருப்பார் அல்லவா, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான்.

இதனால் சில வசதிகள் வருகின்றன. பாஸ்வேர்டை மாற்றினால் முழு டிஸ்க்கையும் மறுபடி பூட்ட வேண்டியதில்லை. சின்னப் பெட்டியின் பூட்டை மாற்றினால் போதும், ஒரு நொடி வேலை. ஒரே சாவியை இரண்டு பெட்டிகளில் போட்டு, ஒன்றை உங்கள் பாஸ்வேர்டாலும் இன்னொன்றை அந்த 48 இலக்க எண்ணாலும் பூட்டலாம். மீட்புச் சாவி என்று சொல்வது இந்த இரண்டாவது பெட்டியின் சாவியைத்தான். டிஸ்க்கை அழிக்க வேண்டுமென்றால் பெட்டிகளை நொறுக்கினால் போதும். டெராபைட் கணக்கில் இருக்கும் தகவல் அந்தக் கணமே குப்பையாகிவிடும்.

கலைக்கும் முறைக்கு ஏஇஎஸ் என்று பெயர். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மென் என்ற இருவர் உருவாக்கியது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் பல ஆண்டுகள் பகிரங்கமாகப் போட்டி நடத்தி இதைத் தேர்ந்தெடுத்து, 2001 நவம்பரில் தரமாக அறிவித்தது. அதற்கு முன் இருந்த டிஇஎஸ் முறையில் சாவியின் நீளம் 56 பிட் மட்டுமே. 1998இல் அதை உடைப்பதற்கென்றே ஓர் இயந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். ஏஇஎஸ் 128 பிட்டில் இருக்கும் சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்கலாம் என்று யாரும் கிளம்ப மாட்டார்கள். முறை பகிரங்கமாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். உலகமே பார்த்து, குறை கண்டுபிடிக்க முயன்று தோற்ற முறை என்பதுதான் அதன் பலம். "எங்கள் சொந்த ரகசிய முறை" என்று விளம்பரம் செய்யும் ஆப் எதையாவது பார்த்தால் தள்ளிவிடுங்கள்.

ஆக, உடைக்க வருகிறவன் ஏஇஎஸ் பக்கம் போக மாட்டான். சின்னப் பெட்டியின் பூட்டுக்குத்தான் வருவான், அதாவது உங்கள் பாஸ்வேர்டுக்கு.

போனிலிருந்து தொடங்குவோம்

போனில் உங்கள் வேலை மிகக் குறைவு. ஐபோனில் 2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதல் உங்கள் தகவல்களில் பெரும்பகுதி, திறக்கும் எண்ணோடு பிணைத்துப் பூட்டப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10இலிருந்து புதிதாக வரும் எல்லாப் போன்களும், விலை குறைந்தவை உட்பட, குறியாக்கத்தோடு வந்தாக வேண்டும் என்று கூகுள் விதித்துவிட்டது. செட்டிங்ஸில் தேடல் பெட்டி இருக்கும். அதில் என்க்ரிப்ஷன் என்று தட்டிப் பாருங்கள், பூட்டப்பட்டிருப்பதாகக் காட்டினால் சரி.

ஆனால் திரைப்பூட்டு எதுவும் போடாமல், விரலால் தள்ளியதும் திறக்கும்படி வைத்திருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். பீரோவைப் பூட்டி சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி. அதனால் முதல் வேலை, 6 இலக்க எண் ஒன்றைப் போடுவது. கோடு இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம். திரையில் விரல் தடம் தெரியும், பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் எளிதில் பதியும்.

4 இலக்கமா 6 இலக்கமா என்பதில் அப்படி என்ன வித்தியாசம்? ஐபோனில் ஒரு எண்ணைச் சரிபார்க்கவே சுமார் 80 மில்லிசெகண்டு ஆகும்படி வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். வேறெந்தத் தடையும் இல்லாவிட்டால், 4 இலக்க எண்கள் பத்தாயிரத்தையும் 800 வினாடியில், அதாவது கால் மணி நேரத்துக்குள் முயன்று முடித்துவிடலாம். 6 இலக்கம் என்றால் 22 மணி நேரம். இரண்டுமே பெரிய நேரம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது. அதனால்தான் தவறு செய்யச் செய்யக் காத்திருக்கும் நேரம் கூடுகிறது, விரும்பினால் 10 தவறுக்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடும்படியும் வைக்கலாம். 2016இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டு வழக்கில், கொலையாளியின் ஐபோன் 5சி விஷயத்தில் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆப்பிளிடம் கேட்டது இந்தத் தடைகளை நீக்கும் மென்பொருளைத்தான். ஏஇஎஸ்ஸை உடைத்துத் தரும்படி யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் மறுத்தது. ஆறு வாரத்தில் எஃப்பிஐ வேறொருவர் உதவியோடு அந்தப் போனைத் திறந்துகொண்டு வழக்கைக் கைவிட்டது. அந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: எண்ணை நீளமாக வைப்பது நம் கையில் இருக்கிறது, மற்ற தடைகள் நம் கையில் இல்லை.

போனை ரீஸ்டார்ட் செய்த பிறகு, இன்னும் எண்ணைப் போட்டுத் திறக்காத நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதா? அம்மா என்று பெயர் வராது. வெறும் நம்பர் வரும். விரல்ரேகையும் அப்போது வேலை செய்யாது. காரணம், திறக்கும் எண்ணைப் போட்டால்தான் சாவி இருக்கும் சின்னப் பெட்டி திறக்கும். அது போடப்படும்வரை தொடர்புப் பட்டியல்கூட போனுக்கே புரியாத குப்பைதான். ஒருமுறை திறந்துவிட்டால், அதன் பிறகு திரை அணைந்திருந்தாலும் சாவி பெரும்பாலும் நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். அதனால் போன் மிகப் பத்திரமாக இருக்கும் நிலை, அணைத்துவைத்த நிலை. கூட்டமான ரயிலில் இரவுப் பயணமோ, போனை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டாயமோ வந்தால் அணைத்துவிடுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, "செக் பண்ணணும், லாக் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடு என்றும், பிக்ஸலில் ரிப்பேர் மோடு என்றும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் அவர்களால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் படங்களும் செய்திகளும் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் போனிலும் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள். திரை உடைந்த பிறகு தேடினால் போட முடியாது.

மெமரி கார்டு தனிக் கதை. போனைப் பூட்டினால் கார்டும் பூட்டிக்கொண்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். வெறும் கூடுதல் இடமாகப் போட்டிருக்கும் கார்டு பொதுவாகக் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. கார்டை உருவிப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் குடும்ப ஆல்பம் முழுவதும் திறந்து கிடக்கும். சாம்சங் போன்ற சில போன்களில் கார்டைத் தனியாகப் பூட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அப்படிப் பூட்டிய கார்டை அந்தப் போன் மட்டுமே படிக்கும். போன் செத்தால் கார்டும் செத்தது. அடையாள அட்டை, பாஸ்புக் நகல் மாதிரி விஷயங்களைக் கார்டில் வைக்காமல் இருப்பதே நல்லது.

விண்டோஸ் லேப்டாப்: நான்கு வேலைகள், இதே வரிசையில்

முதலில் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முக்கியமான எல்லாவற்றையும் நகலெடுங்கள். குறியாக்கம் நடக்கும்போது பிரச்சினை வருவது அபூர்வம். ஆனால் ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்காக இருந்தால், முழு டிஸ்க்கையும் படித்து எழுதும் அந்த வேலையில்தான் அது உயிரை விடும்.

இரண்டாவது, ஏற்கெனவே பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று இருக்கும். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது. புரோ பதிப்பில் ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று தேடினால் மேனேஜ் பிட்லாக்கர் வரும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும், என் கதை மாதிரி. ஹோம் பதிப்பில் ஒரு விசித்திரமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையாமல் உள்ளூர்க் கணக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், டிஸ்க் கலைக்கப்பட்டிருக்கும், ஆனால் சாவி பூட்டப்படாமல் டிஸ்க்கிலேயே இருக்கும். கதவில் பூட்டு, பூட்டில் சாவி. செட்டிங்ஸில் கணக்கில் நுழைந்து முடிக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் லேப்டாப் அந்த நிலையில் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, மீட்புச் சாவி. ஆன் செய்வதற்கு முன்பே பிட்லாக்கர் இதைக் கேட்கும்: கணக்கில் சேமிக்கவா, ஃபைலாகவா, பிரிண்டா? நான் சொல்வது, கணக்கிலும் போடுங்கள், பிரிண்டும் எடுங்கள். பூட்டப்போகும் டிஸ்க்கிலேயே ஃபைலைச் சேமிக்கப் பார்த்தால் விண்டோஸே விடாது. அந்த அளவுக்கு இந்தத் தவறு சகஜம்.

நான்காவதுதான் ஆன் செய்வது. புத்தம் புது லேப்டாப் என்றால் பயன்படுத்திய இடத்தை மட்டும் குறியாக்கம் செய்யும்படி தேர்வு செய்யலாம், சீக்கிரம் முடியும். பல வருடம் ஓடிய லேப்டாப் என்றால் முழு டிரைவையும் தேர்வு செய்யுங்கள். அழித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் பழைய ஃபைல்கள் காலி இடத்தில் இன்னும் பதுங்கியிருக்கக்கூடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சில மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், பின்னணியில் நடக்கும்.

அப்புறம், லேப்டாப் திறக்கும்போது எதையும் கேட்காமல் விண்டோஸ் வருகிறதே, பூட்டு எங்கே என்று ஒரு சந்தேகம் வரும். இங்கே சின்னப் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பது பாஸ்வேர்டு இல்லை, மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற சில்லு. விண்டோஸ் 11 அது இல்லாமல் ஓடாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது நினைவிருக்கலாம். அந்தச் சில்லு, இது அதே கம்ப்யூட்டர்தான், யாரும் தொடக்கத்தை மாற்றவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சாவியைத் தருகிறது. டிஸ்க்கை உருவி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் தராது. மதர்போர்டு மாறினால் பழைய சில்லே போய்விடும், அதனால்தான் என்னிடம் 48 இலக்கம் கேட்டது. கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்யும்போதும் இது நடக்கலாம். அதற்கு முன் மேனேஜ் பிட்லாக்கரில் சஸ்பெண்ட், அதாவது தற்காலிக நிறுத்தம், அழுத்திவிட்டால் கேட்காது.

மீட்புச் சாவி எப்போதோ ஒருமுறை தேவைப்படும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19ஐ நினைவூட்டுகிறேன். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் உறைந்தன. சரிசெய்யும் வழி எளிது. விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அங்கே போவதற்கே மீட்புச் சாவி கேட்டது. சாவிப் பட்டியலை வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில் கிடந்த அலுவலகங்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஃபைல்வால்ட் என்று பெயர். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் இருக்கிறது. ஆப்பிளின் சொந்தச் சில்லு வந்த மேக்குகளில் டிஸ்க் எப்போதுமே குறியாக்கத்தில்தான் இருக்கும். ஃபைல்வால்ட்டை ஆன் செய்தால் அதன் சாவி உங்கள் பாஸ்வேர்டோடு பிணைக்கப்படும். அதனால் ஆன் செய்ய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. 24 எழுத்து மீட்புச் சாவியை எழுதிக்கொள்ளுங்கள்.

உபுண்டு போன்ற லினக்ஸில் நிறுவும்போதே கேட்கும்போது ஆமாம் சொல்லிவிட வேண்டும். பிறகு சேர்ப்பது தலைவலி. லக்ஸ் என்ற இந்த முறையில், நான் சொன்ன சின்னப் பெட்டிகள் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். அந்தப் பகுதி மட்டும் கெட்டுப்போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. அதை நகலெடுத்து வைக்கும் வழியைத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க்

தொலைவதில் முதல் பரிசு பென் டிரைவுக்குத்தான். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகி அப்படியே விட்டுவிட்டு வந்த பென் டிரைவ் எத்தனை! விண்டோஸ் புரோ இருந்தால் டிரைவ் மேல் வலது கிளிக் செய்து பிட்லாக்கர் ஆன் செய்யலாம். ஹோம் பதிப்பில் இப்படிப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க முடியும். ஹோம் வைத்திருப்பவர்களுக்கும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்க வேண்டியவர்களுக்கும் வெராக்ரிப்ட் நல்லது. இலவசம், மூல நிரல் பகிரங்கம். ட்ரூக்ரிப்ட் என்ற பழைய மென்பொருளின் வாரிசு. ட்ரூக்ரிப்ட்டை உருவாக்கியவர்கள் 2014 மே மாதம் திடீரென்று கடையை மூடிவிட்டுப் போனார்கள். இன்னும் சில தளங்களில் அது கிடைக்கிறது, வேண்டாம்.

வெராக்ரிப்டில் புதியவர்களுக்குச் சரியான வழி, முழு டிரைவையும் பூட்டாமல் கொள்கலன் ஒன்றை, அதாவது பல ஃபைல்களை உள்ளே வைத்துப் பூட்டும் ஒரே பெரிய ஃபைலை, உருவாக்குவது. கிரியேட் வால்யூம் அழுத்தி, முதல் தேர்வையே ஏற்று, ஃபைலுக்குப் பெயர், அளவு, பாஸ்வேர்டு கொடுங்கள். 4 ஜிபிக்கு மேல் வேண்டுமென்றால் பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்க வேண்டும். அப்புறம் அந்த ஃபைலைத் தேர்ந்து மவுண்ட் அழுத்தினால் புது டிரைவ் மாதிரி வரும். வேலை முடிந்ததும் அன்மவுண்ட், பழைய பதிப்பில் டிஸ்மவுண்ட். பூட்டாமல் பென் டிரைவை உருவும் பழக்கம் இருப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும், கொள்கலன் கெட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் போகும். ஒரு எச்சரிக்கை: வெளியூர்க் கடைக் கம்ப்யூட்டரில் வெராக்ரிப்ட் இருக்காது. பிரிண்ட் எடுக்க வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரே ஒரு ஃபைலை அனுப்ப

நம்மில் பலரும் அறியாமலே தினமும் தொடும் குறியாக்கம் ஒன்று உண்டு: இ-ஆதார் பிடிஎஃப். அதைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் போட வேண்டும். ஏஇஎஸ் எவ்வளவு வலுவாக இருந்தால் என்ன, உங்கள் பெயர் தெரிந்தவர் 100 வருடங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் திறந்துவிடும். மின்னஞ்சலில் தவறான ஆளுக்குப் போய்விட்டால் அந்தப் பூட்டு ஒப்புக்குத்தான். வங்கி அறிக்கைகளும் பெரும்பாலும் இப்படித்தான், பிறந்த தேதியோ போன் எண்ணின் துண்டோ. ஆதாரைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள்.

நீங்களே பூட்டி அனுப்ப செவன்-ஜிப் என்ற மென்பொருள் போதும். ஃபோல்டரைத் தேர்ந்து ஆர்க்கைவில் சேர்க்கும்போது அமைப்பு 7இசட் என்று இருக்கட்டும். ஜிப் அமைப்பின் பழைய குறியாக்கம் பலவீனமானது. ஃபைல் பெயர்களையும் குறியாக்கம் செய்யும் கட்டத்தில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். மின்னஞ்சலில் ஃபைலை அனுப்பினால் பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் அனுப்பும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன், கீழே "நன்றி" வேறு.

கிளவுடும் வாட்ஸ்அப்பும்

கூகுள் டிரைவில் போட்டது குறியாக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சாவி கூகுளிடம். அது உங்களுக்குச் சம்மதமென்றால் பரவாயில்லை. சாவி உங்களிடமே இருக்க வேண்டுமென்றால் க்ரிப்டோமேட்டர் போன்ற மென்பொருள், கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிட்டுத்தான் மேலே ஏற்றும். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் இரு முனைக்கு நடுவே யாரும் படிக்க முடியாதபடி போகின்றன. ஆனால் பேக்கப் அந்தப் பாதுகாப்பில் தானாக வராது. சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப் என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

பாஸ்வேர்டு, அதைவிட முக்கியமாகக் காகிதம்

போனில் தவறுகளை எண்ணித் தடுக்கச் சில்லு இருக்கிறது. வெராக்ரிப்ட் கொள்கலனிலோ 7இசட் ஃபைலிலோ தடுக்க யாரும் இல்லை. நகலெடுத்துக்கொண்டு போய் ஆற அமர எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயலலாம். அதனால் அங்கே நீளம்தான் காப்பாற்றும். தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள்: முருங்கை, பஞ்சர், வாடகை, ஏலக்காய், படகு என்கிற மாதிரி. இதையே வைத்துவிடாதீர்கள், கட்டுரையில் வந்துவிட்டது. சொற்களை மனதில் தேடாமல் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து விரல் வைத்து எடுங்கள். பாட்டு வரியும் பழமொழியும் வேண்டாம், அவை முயல்கிறவர்களின் பட்டியலில் இருக்கும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும் திரையில் தமிழ் விசைப்பலகை வராது. தமிழ் எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தால் வாசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் ஒரு மென்பொருளாளரின் கதை 2021இல் உலகச் செய்தியானது. 7,002 பிட்காயின்களின் சாவியை ஐயர்ன்கீ என்ற பூட்டுள்ள டிரைவில் வைத்தார். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்தது. 10 தவறான முயற்சிக்குப் பிறகு டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அந்தச் செய்தி வந்தபோது அவர் 8 முறை முயன்று முடித்திருந்தார்.

நமக்குப் பிட்காயின் இல்லை, குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் இருக்கிறது. அதனால் காகிதம். லேப்டாப் பெயர், தேதி, மீட்புச் சாவி, கொள்கலன் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், பை போகும்போது அதுவும் போகும். சாவியைப் படம் எடுத்து அதே போனில் வைப்பதும் அப்படித்தான். வீட்டில் இன்னொருவருக்கு அந்த உறை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் திடீரென்று இல்லாமல் போன வீட்டில், அவர் போனை வைத்துக்கொண்டு பிறந்த தேதி, கல்யாண தேதி, வண்டி நம்பர் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் உறை இல்லை.

பூட்டு எதைக் காக்காது

திறந்து வைத்த லேப்டாப்பை. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்துதான் இருக்கிறது. அப்போது உள்ளே நுழைந்த வைரஸுக்கு எல்லாமே உங்களுக்குத் தெரிவதுபோலத் தெரியும். பணம் பறிக்கும் ரான்சம்வேர், பூட்டிய டிஸ்க்குக்கு மேல் இன்னொரு பூட்டைப் போடும், அதன் சாவி அவர்களிடம் இருக்கும். அதற்கு மருந்து, கழற்றி வைத்த பேக்கப் டிஸ்க் மட்டும்தான். லேப்டாப் மூடியை மூடி ஸ்லீப்பில் பையில் போட்டு அலைவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பயணம் என்றால் ஷட்டவுன்.

பழைய போனை விற்கும்போது மட்டும் இந்தப் பூட்டு கூடுதலாக ஓர் உதவி செய்கிறது. கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால், சின்னப் பெட்டி நொறுங்கிவிடும். முழு நினைவகத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டிய தேவையில்லை. மெமரி கார்டை உருவிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஒத்திகை பாருங்கள். மீட்புச் சாவிக்குப் பக்கத்தில் கீ ஐடி என்று ஒன்று அச்சாகியிருக்கும். எந்தச் சாவி எந்த டிஸ்க்குக்கு என்று சொல்லும் அடையாளம் அது. ரகசியம் இல்லை, போனில் தாராளமாகச் சொல்லலாம். என் உறையின் ஒரு நகல் மதுரையில் அக்காவிடம் இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டு, கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை வாசிக்கச் சொன்னேன். "இரு, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்" என்று போனவள், வந்து வாசித்தாள். என் கணக்கில் இருந்ததோடு ஒத்துப்பார்த்தேன். பொருந்தவில்லை. மதர்போர்டு மாறிய பிறகு பிட்லாக்கரை அணைத்துத் திரும்பப் போட்டேன், அப்போது சாவி புதிதாகிவிட்டது. அவளிடம் இருந்தது பழைய காகிதம். புதியதை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்பினேன்.